சுவிட்ச்டு-கெபாசிட்டர் ஃபில்டரில் கெயின் நிலையாக நிற்கக் கிளாக்கைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்எஃப்10, எல்எம்எஃப்100, எல்டிசி1060 போன்ற சுவிட்ச்டு-கெபாசிட்டர் ஃபில்டர் சிப்களைப் பயன்படுத்துவோருக்கும், 4066 அனலாக் சுவிட்ச் சிப்பும் ஆப்-ஆம்பும் வைத்துச் சொந்தமாகக் கட்டிப் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். வேறு எதுவும் சொல்லாத இடங்களில் எடுத்துக்காட்டு இதுதான்: எம்எஃப்10, மோடு 1 (தரவுத்தாளில் உள்ள இணைப்பு முறைகளில் ஒன்று), ±5 வோல்ட் சப்ளை, கிளாக் 100 கிலோஹெர்ட்ஸ், மைய அதிர்வெண் 1 கிலோஹெர்ட்ஸ், ஆர்1 = 100 கிலோஓம், ஆர்2 = 10 கிலோஓம், ஆர்3 = 100 கிலோஓம். ஃபில்டர் எவ்வளவு கூர்மையானது என்பதைச் சொல்லும் எண்ணான கியூ என்பது ஆர்3 ÷ ஆர்2, அதாவது 10. மைய அதிர்வெண்ணைச் சுற்றியுள்ளதை மட்டும் விடும் பேண்ட்பாஸ் வெளியீட்டில் கெயின் (வெளியீடு ÷ உள்ளீடு) ஆர்3 ÷ ஆர்1, அதாவது 1. அலை மட்டும் தலைகீழாக வரும்.

கெயினைத் தீர்மானிப்பது விகிதம்தானே? கிளாக் மாறினால் கெயின் ஏன் ஆடுகிறது?

படித்தது சரிதான். ஒரு கெபாசிட்டரை ஒரு நொடிக்கு இத்தனை முறை என்று மாற்றி மாற்றி இணைத்தால் அது ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். அதன் மதிப்பு 1 ÷ (கிளாக் அதிர்வெண் × கெபாசிட்டன்ஸ்). 1 பிகோஃபாரட், 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 10 மெகாஓம். உள்ளே வருவதும் ஃபீட்பேக்கில் இருப்பதும் ஒரே கிளாக்கில் ஓடும்போது அதிர்வெண் மேலும் கீழும் அடிபட்டுப்போய், கெபாசிட்டர் விகிதம் மட்டும் மிஞ்சுகிறது. சிலிக்கனில் ஒரு கெபாசிட்டரின் தனி மதிப்பு 10 முதல் 20% வரை தவறலாம். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டின் விகிதமோ 0.1% அளவுக்குத் துல்லியமாக வரும். 1970-களின் இறுதியில் இந்த முறை இவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

ஆனால் கிளாக் வேறு வழிகளில் உள்ளே நுழைகிறது. மைய அதிர்வெண் கிளாக்கோடு நகர்வதால், உங்கள் சிக்னல் உச்சியில் இல்லாமல் சரிவில் போய் நிற்கலாம். கிளாக் மிக வேகமாக இருந்தால் சார்ஜ் முழுவதும் கைமாறுவதற்குள் சுவிட்ச் மூடிவிடும் (இந்தப் பக்கத்தில் சுவிட்ச் மூடுவது என்றால் பாதை அடைபடுவது, திறப்பது என்றால் மின்னோட்டம் போவது). இரண்டு சுவிட்சும் ஒரு கணம் சேர்ந்து திறந்திருந்தால் விகிதக் கணக்கே செல்லாது. மிக மெதுவான கிளாக்கில் கசிவு தலைதூக்கும். இவற்றில் எது உங்கள் சர்க்கியூட்டில் நடக்கிறது என்று தெரியாமல் பொட்டன்ஷியோமீட்டரைத் திருகுவதுதான் நேரத்தைத் தின்னும் வேலை.

எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளாக்கையும் சிக்னலையும் ஒரே மடங்கில் சேர்த்து மாற்றிப் பாருங்கள். 25 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கில் 250 ஹெர்ட்ஸ் சிக்னல், 100-இல் 1 கிலோஹெர்ட்ஸ், 400-இல் 4 கிலோஹெர்ட்ஸ், 1 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோஹெர்ட்ஸ். உள்ளீடு 500 மில்லிவோல்ட் உச்சிக்கு உச்சி போதும். குறையில்லாத சுவிட்ச்டு-கெபாசிட்டர் ஃபில்டருக்கு இந்த நான்கும் ஒன்றே. கெயின் அசையக் கூடாது.

நான்கிலும் ஒரே கெயின் வந்து, அது நீங்கள் எதிர்பார்த்த மதிப்பாக இல்லாவிட்டால் ரெசிஸ்டர்களைப் பாருங்கள். இங்கே நன்றாக நின்று, உண்மையான பயன்பாட்டில் மட்டும் கெயின் விழுந்தால் உங்கள் கிளாக்கின் அதிர்வெண் தவறி இருக்கிறது. மேல் முனையில் மட்டும் விலகினால் செட்டிலிங் சிக்கல், அதாவது சார்ஜ் முழுவதும் கைமாற நேரம் போதவில்லை. கீழ் முனையில், அதுவும் போர்டு சூடானபின் விலகினால் கசிவு.

மேல் முனையில் பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. வேகம் போதாவிட்டால் கெயின் குறையும் என்றுதான் தோன்றும். பேண்ட்பாஸில் அது பெரும்பாலும் *கூடும்*. ஆப்-ஆம்பின் தாமதம், ஃபில்டருக்குள் சார்ஜைச் சேர்த்துக்கொண்டே போகும் ஒவ்வொரு இன்டெகிரேட்டரிலும் கொஞ்சம் கூடுதல் ஃபேஸைச் சேர்க்கிறது. அது சுற்றின் டேம்பிங்கை (அலைவை அடக்கும் தன்மையை) தின்றுவிடும். தோராயமாக, 1 ÷ கியூ என்ற எண்ணிலிருந்து கூடுதல் ஃபேஸின் (ரேடியனில்) இரு மடங்கு கழியும். ஒவ்வொரு இன்டெகிரேட்டருக்கும் அரை டிகிரி என்று வைத்துக்கொண்டால் 0.1 − 0.0175 = 0.0825, கியூ 10 என்பது 12 ஆகிறது, உச்சிக் கெயின் 1.7 டெசிபல் ஏறுகிறது. அதே அரை டிகிரி கியூ 50 ஃபில்டரில் வந்தால் 0.02 − 0.0175, அது ஃபில்டராக இருப்பதை விட்டு ஆசிலேட்டராகப் போகும் வழியில் நிற்கிறது. எம்எஃப்10-க்கு மைய அதிர்வெண் × கியூ 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இருப்பது இதனால்தான்.

கிளாக்குக்கு 555 போதாதா?

லோபாஸ் ஃபில்டரில் கட்-ஆஃபுக்கு வெகு கீழே இருக்கும் சிக்னலுக்குப் போதும். பேண்ட்பாஸுக்கும், ஒரு அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் நாட்ச்சுக்கும் போதாது.

கணக்கு இது. மைய அதிர்வெண் சிறிதளவு விலகினால், 2 × கியூ × விலகல் என்ற எண்ணை எடுங்கள்; அது 1 ஆனால் கெயின் 3 டெசிபல் விழுந்துவிட்டது. கியூ 10-இல் கிளாக் 1% தவறினால் அந்த எண் 0.2, இழப்பு 0.17 டெசிபல், பலர் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். 5% தவறினால் 3 டெசிபல். கியூ 50 என்றால் வெறும் 1% தவறே 3 டெசிபல். 555-ஐச் சுற்றி 5% ரெசிஸ்டரும் எக்ஸ்7ஆர் கெபாசிட்டரும் போட்டுவிட்டுக் கெயின் நிற்கவில்லை என்றால் ஃபில்டர் மேல் பழி போட முடியாது. எக்ஸ்7ஆர் தன் வெப்ப எல்லைக்குள் மட்டுமே 15% வரை நகர உரிமை பெற்றது. 555-தான் வேண்டும் என்றால் சி0ஜி கெபாசிட்டர், 1% மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், உயர்-தாழ் நேரங்களைச் சமமாக்க வெளியீட்டில் 2-ஆல் வகுக்கும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50) கிரிஸ்டலில் கியூ 50-க்கே அந்த எண் 0.005தான், கெயின் இழப்பு அளக்க முடியாத அளவு.

4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸ் எப்படி எடுப்பது?

40-ஆல் வகுக்க வேண்டும். சிடி4060 இரண்டின் அடுக்குகளில் மட்டுமே வகுப்பதால் 125 அல்லது 62.5 கிலோஹெர்ட்ஸ் கிடைக்குமே தவிர 100 வராது. ஒரு 74எச்சி390 போதும் 20-க்கு: அதன் ஒரு பாதியில் 2, 5 இரண்டையும் பயன்படுத்தி, மறு பாதியில் 2-ஐ மட்டும் எடுத்தால் 200 கிலோஹெர்ட்ஸ். பிறகு 74எச்சி74-இன் ஒரு ஃபிளிப்-ஃபிளாப், 100 கிலோஹெர்ட்ஸ்.

வரிசைதான் முக்கியம். 5-ஆல் வகுக்கும் பகுதியின் கடைசி வெளியீடு ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே உயர்ந்து நிற்கும், 20% டியூட்டி. வேகமான கிளாக்கில் அதை அப்படியே ஃபில்டருக்குக் கொடுத்தால் அதிர்வெண் கச்சிதமாக இருந்தும் கெயின் தவறும். எனவே 2-ஆல் வகுப்பது எப்போதும் கடைசியில் வரட்டும்.

அர்டுயினோவிலிருந்து கிளாக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், டைமர் பின்னிலிருந்து. லூப்பிலோ இன்டரப்டிலோ பின்னை ஏற்றி இறக்கி ஓட்டாதீர்கள். ஏடிமெகா328-இல் டைமர் 1-ஐ சிடிசி முறையில், பிரீஸ்கேலர் இல்லாமல், ஓசிஆர்1ஏ = 79 என்று வைத்தால் 16 மெகாஹெர்ட்ஸ் ÷ 160 = 100 கிலோஹெர்ட்ஸ், டியூட்டி சரியாக 50%.

இரண்டு இடத்தில் கால் இடறும். ஊனோ ஆர்3 போர்டில் முதன்மைச் சிப்புக்கு இருப்பது கிரிஸ்டல் அல்ல, செராமிக் ரெசனேட்டர். அது 0.5% தவறினால் கியூ 50 ஃபில்டரில் ஏறக்குறைய 1 டெசிபல் போய்விடும். அடுத்தது, படி பெரிது: 79-ஐ 80 ஆக்கினால் கிளாக் 98.77 கிலோஹெர்ட்ஸ், ஒரே தாவலில் 1.2%. கியூ 10-க்குப் பரவாயில்லை. கியூ 50-இல் அந்த ஒரு படியே 4 டெசிபல். நுணுக்கமாக நகர்த்த வேண்டுமென்றால் ஏடி9833 போன்ற டிடிஎஸ் சிப்பை (எண்முறையில் அதிர்வெண் உருவாக்குவது) நாடுங்கள். 25 மெகாஹெர்ட்ஸ் மூலக் கிளாக்கில் அதன் படி 0.1 ஹெர்ட்ஸ். அதன் சதுர அலை வெளியீட்டில் ஒவ்வொரு விளிம்பும் 40 நானோ விநாடி வரை முன்பின் ஆடலாம். கெயினுக்கு அது கேடில்லை, இரைச்சல் தரையைத்தான் கொஞ்சம் உயர்த்தும்.

டியூட்டி சைக்கிள் 50% இருந்தே ஆக வேண்டுமா?

மெதுவான கிளாக்கில் இல்லை. வேகமான கிளாக்கில் ஆம். எம்எஃப்10 தரவுத்தாளும் 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 50%-ஐ ஒட்டியே இருக்கச் சொல்கிறது.

ஏனென்று எண்களில் பார்த்துவிடலாம். 5 மெகாஹெர்ட்ஸ் கெயின்-பேண்ட்வித் உள்ள ஆப்-ஆம்ப், ஃபீட்பேக் பங்கு 0.5 என்றால் செட்டிலிங்கின் நேர மாறிலி 64 நானோ விநாடி. 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் அரைச் சுற்று 500. இரு கட்டங்களுக்கு இடையிலான இடைவெளி 20 போக 480 நானோ விநாடி. மிச்சப் பிழை 0.05%. டியூட்டி 40% ஆனால் குறுகிய பக்கத்துக்குக் கிடைப்பது 380, பிழை 0.26%. 30% ஆனால் 280; பிழை 1.2%. பிழை நேர்கோட்டில் ஏறாமல் எக்ஸ்பொனென்ஷியலாக ஏறுவதைக் கவனியுங்கள். 100 கிலோஹெர்ட்ஸில் இதே 30% டியூட்டி யாரையும் தொந்தரவு செய்யாது. பெரிய சிக்னலில் ஸ்லூ ரேட் (ஆப்-ஆம்ப் வெளியீடு மாறக்கூடிய உச்ச வேகம்) வேறு நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் சின்ன சிக்னலில் சரியாக இருந்து பெரிய சிக்னலில் மட்டும் கெயின் குறைந்தால் அங்கே தேடுங்கள்.

அப்படியானால் கிளாக் எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லதா?

இல்லை. ஒவ்வொரு கிளாக் சுற்றிலும் மதிப்பை எடுத்து நிறுத்திவைப்பதால் சாம்பிள்-ஹோல்ட் தாழ்வு வந்துவிடும். சிக்னல் கிளாக்கின் 50-இல் ஒரு பங்காக இருந்தால் இழப்பு 0.006 டெசிபல், 10-இல் ஒரு பங்கில் 0.14; நான்கில் ஒரு பங்கில் 0.9. 50:1, 100:1 விகித ஃபில்டர்களில் பாஸ்பேண்டுக்குள் இதை மறந்துவிடலாம். ஹைபாஸ் அல்லது நாட்ச் வெளியீட்டில் உயர் அதிர்வெண்களை அளப்பவர்கள் மறக்கக் கூடாது.

50 ஹெர்ட்ஸ் ஃபில்டருக்குக் கிளாக் 5 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது. பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி இருக்கிறது.

கசிவு. 10 பிகோஃபாரட் கெபாசிட்டரில் 1 பிகோஆம்பியர் கசிந்தால் நொடிக்கு 0.1 வோல்ட், 5 கிலோஹெர்ட்ஸின் ஒரு சுற்றுக்கு 20 மைக்ரோவோல்ட். கசிவு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எனவே 25-இலிருந்து 85 டிகிரிக்குப் போனால் 64 மடங்கு, சுற்றுக்கு 1.3 மில்லிவோல்ட். இது முதலில் கெயினைத் தொடாது, டிசி ஆஃப்செட்டாகத்தான் வரும். ஆஃப்செட் ஏறி அலையின் ஒரு பக்கம் சப்ளையில் முட்டும்போது மீட்டர் அதைக் கெயின் குறைவு என்று சொல்கிறது. ஸ்கோப்பை டிசி கப்ளிங்கில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும்.

தீர்வு கிளாக்கை உயர்த்துவதுதான், மைய அதிர்வெண்ணை உயர்த்தாமல். மோடு 3-இல் மைய அதிர்வெண் = (கிளாக் ÷ 100) × (ஆர்2 ÷ ஆர்4)-இன் வர்க்கமூலம். ஆர்2 = 10 கிலோஓம், ஆர்4 = 160 கிலோஓம் என்றால் வர்க்கமூலம் கால் பங்கு; 20 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கில் 50 ஹெர்ட்ஸ். ஆர்3-க்கும் ஆர்1-க்கும் 390 கிலோஓம் போடுங்கள், கியூ 9.75, பேண்ட்பாஸ் கெயின் 1. விலை என்னவென்றால் இப்போது மைய அதிர்வெண் ரெசிஸ்டர்களையும் நம்பி இருக்கிறது. இரண்டு 1% ரெசிஸ்டர்கள் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் விகிதம் 2%, அதிர்வெண் 1%; கெயினில் 0.17 டெசிபல். தாங்கலாம்.

4066 வைத்துச் சொந்தமாகக் கட்டினேன். கெயின் கணக்கைவிட மிக அதிகமாக வருகிறது.

இரண்டு சுவிட்சுகளும் சேர்ந்து திறக்கின்றன. ஒரு சுவிட்சுக்குக் கிளாக், மற்றதுக்கு இன்வெர்ட்டர் வழியாக அதே கிளாக் என்று கொடுத்திருப்பீர்கள். மாறும் தருணத்தில் உள்ளீடு நேராக ஆப்-ஆம்பின் விர்ச்சுவல் கிரவுண்டில் போய்க் கொட்டுகிறது. 15 வோல்ட் சப்ளையில் 4066-இன் ஒரு சுவிட்ச் ஏறக்குறைய 125 ஓம். இரண்டும் சேர்ந்து 250. 1 வோல்ட் உள்ளீட்டில் 100 நானோ விநாடி மேற்பொருந்தினால் 0.4 நானோகூலும் கசிகிறது. 1 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒரு சுற்றில் முறையாகக் கொண்டுபோக வேண்டியதே 1 நானோகூலும்தான். ஆகக் கெயினில் 40% பிழை! மேற்பொருந்தல் 10 நானோ விநாடியாக இருந்தாலும் 4%.

சிடி4001-இன் இரண்டு நார் கேட்டுகளைக் குறுக்கே பின்னி, ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீட்டுக்குப் போகும் இரு வழிகளிலும் 10 கிலோஓம்-100 பிகோஃபாரட் தாமதம் வையுங்கள். ஒன்று முழுவதும் மூடிய பிறகு 0.7 மைக்ரோ விநாடி கழித்துத்தான் மற்றது திறக்கும். 10 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கின் அரைச் சுற்றான 50 மைக்ரோ விநாடியில் அது ஒன்றுமே இல்லை.

கிளாக் போகிறது, ஆனால் வெளியீடே இல்லை.

எம்எஃப்10-இல் 12-ஆம் பின்னைப் பாருங்கள். பாசிட்டிவ் சப்ளையில் இருந்தால் 50:1, கிரவுண்டில் இருந்தால் 100:1, நெகட்டிவ் சப்ளையில் இருந்தால் மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டு ஃபில்டர் வேலையை நிறுத்திவிடும். அடுத்து 9-ஆம் பின்: ±5 வோல்ட் சப்ளையில், 0–5 வோல்ட் கிளாக்குக்கு அது கிரவுண்டில் இருக்க வேண்டும்.

சிக்னலின் அதிர்வெண்ணே நகர்ந்தால்?

கிளாக்கை அதன் பின்னாலேயே ஓட விடுங்கள். உள்ளீட்டின் அதிர்வெண்ணைப் பின்தொடரும் பிஎல்எல் சிப் சிடி4046, நடுவில் 100-ஆல் வகுக்கும் சிடி4518. விசிஓவின், அதாவது வோல்டேஜால் அதிர்வெண் மாறும் ஆசிலேட்டரின், வெளியீடு (4-ஆம் பின்) ஃபில்டரின் கிளாக். அதுவே சிடி4518-இன் 1-ஆம் பின்னுக்கும் போகும். 2-ஆம் பின் உயர்நிலையில், 6-இலிருந்து 10-க்கு ஒரு வயர், 9 கிரவுண்டில், 7-உம் 15-உம் கிரவுண்டில். 14-ஆம் பின்னில் வருவது நூறில் ஒரு பங்கு. அது 4046-இன் 3-ஆம் பின்னுக்கு. இரண்டாவது டெகேடை எனேபிள் வழியாக ஓட்டுவதுதான் இதில் சூட்சுமம். கிளாக் பின்னில் கொடுத்தால் தவறான விளிம்பில் எண்ணும்.

13-ஆம் பின்னில் உள்ள இரண்டாவது ஃபேஸ் கம்பேரட்டரையே எடுங்கள். முதலாவது ஹார்மோனிக்குகளிலும் பூட்டிக்கொள்ளும். 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னலுக்கு லூப் பேண்ட்வித் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டாம். லூப் ஃபில்டரில் மிஞ்சும் சிற்றலை விசிஓவை ஆட்டும். விசிஓ மைய அதிர்வெண்ணை ஆட்டும். அது சரிவில் கெயினாக மாறும். சிக்னல் நின்றுவிட்டால் இந்தக் கம்பேரட்டர் விசிஓவைக் கீழ் எல்லைக்கு இழுத்துவிடும். 12-ஆம் பின்னில் ரெசிஸ்டர் போட்டு அந்தக் கீழ் எல்லையை 90 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தினால், சிக்னல் திரும்ப வரும்போது ஃபில்டர் பக்கத்திலேயே காத்திருக்கும்.

கிளாக்கைத் திருகியே கெயினை டிரிம் செய்ய முடியாதா?

எல்லாம் ஒரே கிளாக்கில் ஓடும் ஃபில்டரில் முடியாது; உச்சியைத்தான் நகர்த்துவீர்கள். உள்ளே வரும் பாதையில் நிஜ ரெசிஸ்டரும் ஃபீட்பேக்கில் சுவிட்ச்டு கெபாசிட்டரும் இருக்கும் கலப்பு அமைப்பில் முடியும். அங்கே கெயின் 1 ÷ (கிளாக் × கெபாசிட்டன்ஸ் × ரெசிஸ்டன்ஸ்). 100 கிலோஓம், 10 பிகோஃபாரட் என்றால் கெயின் 1-க்கு 1 மெகாஹெர்ட்ஸ். உற்பத்தியில் கெபாசிட்டர் 11.5 ஆகிப்போனால் கிளாக்கை 870 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கெயின் திரும்ப 1. ஆனால் அதே கிளாக்கில் ஓடும் மற்ற இன்டெகிரேட்டர்களின் கட்-ஆஃபும் 13% இறங்கிவிடும். கெயினுக்கு ஒரு கிளாக், அதிர்வெண்ணுக்கு ஒரு கிளாக் என்று பிரித்துவிடலாம். அப்போது இரண்டின் வித்தியாச அதிர்வெண் பாஸ்பேண்டுக்குள் விழாதபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

கெயின் நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. கிளாக் அசையவே இல்லையே!

உள்ளீட்டில் 101 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே ஏதோ இருக்கிறது, பெரும்பாலும் ஸ்விட்சிங் பவர் சப்ளை. 100.998 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் இரைச்சல் 998 ஹெர்ட்ஸாக மடிந்து, உங்கள் 1 கிலோஹெர்ட்ஸோடு 2 ஹெர்ட்ஸ் பீட் போடும். அது சிக்னலின் 5% இருந்தால் அலை ±0.4 டெசிபல் மூச்சு விடுவது போல் தெரியும். கிளாக்கை 0.1% நகர்த்துங்கள்; பீட்டின் வேகம் மாறினால் உறுதி.

உள்ளீட்டில் 4.7 கிலோஓம்-3.3 நானோஃபாரட் வைத்தால் 100 கிலோஹெர்ட்ஸில் 20 டெசிபல் அடங்கும், 1 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.04 மட்டுமே. ஆனால் அந்த 4.7 கிலோஓம் ஆர்1-ஓடு சேர்ந்து 104.7 ஆகிக் கெயினை 0.4 டெசிபல் குறைத்துவிடும். ஆர்1-ஐ 95.3 கிலோஓமாக மாற்றிவிடுங்கள்.

மீட்டர் காட்டும் கெயினும் ஸ்கோப் காட்டும் கெயினும் ஒத்துப்போகவில்லை.

மீட்டர் கிளாக் கசிவையும் சேர்த்து எண்ணுகிறது. 20 மில்லிவோல்ட் சிக்னலில் 10 மில்லிவோல்ட் கிளாக் கசிவு கலந்திருந்தால் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் 22.4 காட்டும், 1 டெசிபல் கூடுதல். வெளியீட்டிலும் அதே 4.7 கிலோஓம்-3.3 நானோஃபாரட்டை வைத்து, அதற்குப் பிறகு அளந்து பாருங்கள். உள்ளீட்டைத் தரையிட்டு மீதம் என்ன காட்டுகிறது என்று முதலில் குறித்துக்கொண்டால் சந்தேகமே இருக்காது.